கால் டேங்க் காட்டிய முள்

பளீல் முதலாளி அந்தப் பழைய வெள்ளைக் காரைப் பட்டறை வாசலில் கொண்டுவந்து நிறுத்தியபோது விஜேந்திரன் தலையை நிமிர்த்தவில்லை. சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. பெல்மதுளையில் அப்படி இருமிக்கொண்டு ஓடுகிற கார் ஒன்றே ஒன்றுதான். செத்துப்போன அவன் மனைவி ராஜத்தின் அண்ணன் சின்னத்தம்பி வாடகை ஹயருக்கு ஓட்டிய கார்.

"சின்னத்தம்பிக்கிட்ட நேத்துத்தான் வாங்கினேன் பாஸ்" என்றார் பளீல். "பெட்ரோல் முள்ளு, சூட்டு முள்ளு ரெண்டும் இஷ்டத்துக்கு ஏறி நிக்கிது. லைட்டப் போட்டா டேஷ் பல்பு மங்குது. ஒங்களுக்கு மனசு கஷ்டம்ண்டா சொல்லுங்க, வேற ஆளப் பாக்கிறேன்."

"வச்சிட்டுப் போங்க."

"சரி, பின்னேரம் வாறேன்."

மனசு கஷ்டமா? அப்படி ஒன்று இருந்தால்தானே! ராஜம் போய் இருபத்தாறு நாளாகிறது. சோறு போட்டால் தின்கிறான், படுத்தால் தூங்குகிறான். நேற்று சூடான சோல்டரிங் இரும்பை வெறுங்கையால் பிடித்துவிட்டு, வாசனை வந்த பிறகுதான் கையை எடுத்தான்.

ரப்பர் மலையில் பால் வெட்டப் போனவளைப் பொலங்கா பாம்பு கடித்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சின்னத்தம்பிதான் காரை எடுத்தான். பின் சீட்டில் அவள் தலை விஜேந்திரனின் மடியில். பெல்மதுளையைத் தாண்டி மூன்று கட்டை தூரம் போவதற்குள் கார் நின்றுவிட்டது. டேங்கில் சொட்டுப் பெட்ரோல் இல்லை. "முள்ளு கால் டேங்க் காட்டுச்சு மாப்ள, சத்தியமா காட்டுச்சு" என்று சின்னத்தம்பி நடுரோட்டில் நின்று தலையில் அடித்துக்கொண்டான். ஒரு லொறி வர நாற்பது நிமிஷம் ஆனது. கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருக்கலாமே என்றார் டொக்டர்.

கட்டிக்கொடுத்த பெண் செத்தால் பிறந்த வீட்டுக் கோடிச் சேலை வந்து மேலே விழுந்தாக வேண்டும். நாதியற்றவளுக்குக்கூட யாராவது ஒரு பங்காளி கொண்டுவந்து போர்த்துவான். சின்னத்தம்பி மஞ்சள் சேலையோடு வந்து நின்றான். லயத்து வீடுகளெல்லாம் பார்த்திருக்க, விஜேந்திரன் மறித்தான். "பெட்ரோல் இருக்கான்னு கூடப் பாக்காம எடுத்துட்டு, முள்ளு மேல பழி போடுறீங்களா? ஒங்க கோடி என் பொண்டாட்டி மேல படக்கூடாது!" கோடியில்லாமலேயே ராஜம் குழிக்குள் போனாள். அதன்பிறகு சின்னத்தம்பியின் காரில் ஏற ஒரு ஆள் இல்லை. தங்கச்சியைக் கொன்றவன் என்று தண்ணி பிடிக்கிற பைப்படியில் பெயர் வைத்துவிட்டார்கள். நம் ஆட்களுக்கு அதெல்லாம் சொல்லியா தர வேண்டும்!

மத்தியானம், கார் நன்றாக ஆறிய பிறகு, விஜேந்திரன் சாவியைத் திருப்பினான். பெட்ரோல் முள் மெல்ல ஏறிக் காலுக்கு மேல் நின்றது. மூடியைத் திறந்து ஒரு மூங்கில் குச்சியை விட்டு எடுத்தான். நுனிதான் நனைந்திருந்தது.

சின்னத்தம்பி பொய் சொல்லவில்லை.

அப்போதும் அவனுக்குள் ஒன்றும் நடக்கவில்லை. கை மட்டும் பழக்கத்தில் வேலையைப் பார்த்தது. டேங்க் வயரைக் கழற்றினான். முள் சைபருக்கு இறங்கியது. வயரில் கோளாறில்லை. பச்சைத்தண்ணீர் மாதிரிக் கிடந்த இஞ்சினுக்குச் சூட்டு முள்ளும் ஏறியே நின்றது. இரண்டு மீட்டரும் சேர்ந்து பொய் சொன்னால் குற்றம் மீட்டரில் இருக்காது, இரண்டுக்கும் பொதுவான இடத்தில்தான் இருக்கும். இரண்டுக்கும் கரண்டை அடக்கி அனுப்புகிற சின்னத் தகரப் பெட்டி ஒன்று டேஷுக்குப் பின்னால் உண்டு. அது ஒரே ஒரு ஸ்க்ரூவால் கார் பாடியோடு ஒட்டியிருக்க வேண்டும். அந்த ஏர்த் விட்டுப்போனால் முழுக் கரண்டும் அப்படியே மீட்டருக்குப் போகும், டேஷ் பல்பும் மங்கும். தனி வயரின் ஒரு முனையைப் பாடியில் வைத்து, மறுமுனையால் பெட்டியைத் தொட்டான். முள் மெதுவாக, மிக மெதுவாக இறங்கிக் காலி என்ற கோட்டில் படுத்தது.

மல்லாந்து படுத்து டோர்ச்சை அடித்தான். அந்த ஸ்க்ரூவில் இன்னொரு நீல வயரும் மாட்டியிருந்தது. டேஷ் மேலிருக்கும் பிள்ளையாருக்குப் போட்ட சிவப்பு பல்பின் வயர். முடிச்சில் டேப்புக்குப் பதில் சைக்கிள் டியூப் துண்டு. பெல்மதுளையில் அப்படிக் கட்டுகிறவன் விஜேந்திரன் ஒருவன்தான்.

போன ஆயுத பூஜை அன்று, இதே வாசலில், "எங்கண்ணன் காருக்கும் சாமி லைட் போட்டுக் குடுங்க" என்று ராஜம் நச்சரித்துப் போடவைத்தாள். வயருக்காக அந்தப் பெட்டியைக் கழற்றி வைத்திருந்தான். அவள் சந்தனக் கிண்ணத்தோடு வந்து ஸ்பேனர், குறடு, பெட்டி என்று ஒன்று விடாமல் பொட்டு வைத்துக்கொண்டே போனாள். பெட்டியில் சரியாக ஸ்க்ரூ உட்காருகிற இடத்தில் பொட்டு விழுந்தது. காய்ந்த சந்தனம் கரண்டை விடாது, துடைத்துவிட்டு மாட்டியிருக்க வேண்டும். பூஜைச் சந்தனத்தைத் துடைக்க மனசு வரவில்லை. அதன் மேலேயே வைத்து முறுக்கினான். கொஞ்ச நாள் ஸ்க்ரூவின் முறுக்கில் கரண்ட் ஓடியிருக்கிறது. மலைரோட்டுக் குலுக்கலில் தளர்ந்ததும் விட்டுவிட்டது.

ஸ்க்ரூவைக் கழற்றினான். பொட்டு அப்படியே இருந்தது. காய்ந்து ஓடாகி, ஓரத்தில் பச்சைக் களிம்பு. ஒரு பக்கம் அவள் விரல் ரேகை.

சுரண்டிவிட்டால் தீர்ந்தது. கேட்பாரில்லை. கார் பளீலுக்கு, பழி சின்னத்தம்பிக்கு. அடப்பாவி, அதையும்தான் யோசித்தான்.

உப்புத்தாளை எடுத்துத் தகரம் பளபளக்கும்வரை தேய்த்தான். ரேகை தூளாகிச் சட்டையில் விழுந்தது. தட்டிவிடவில்லை.

பின்னேரம் பளீல் வந்து ஓட்டிப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். "என்ன பாஸ் கோளாறு?"

"நான்தான்" என்றான். அவருக்கு விளங்கவில்லை.

போகிற நேரம் டிக்கியிலிருந்து ஒரு கடதாசிப் பொட்டலத்தை எடுத்து நீட்டினார். "சின்னத்தம்பி விட்டுட்டுப் போயிட்டாரு போல. ஒங்க மச்சான்தானே, குடுத்திருங்க." ஓரத்தில் மஞ்சள் தெரிந்தது.

லயத்தில் பெண்கள் பைப்படியில் குடங்களோடு நின்ற நேரம் அது. சின்னத்தம்பி அந்தப் பக்கம் பார்க்காமல் வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தான். விஜேந்திரன் நேரே போய் அவன் முன்னால் நின்றான்.

"மச்சான், முள்ளு கால் டேங்க்தான் காட்டுச்சு. நீங்க பாத்தது சரி" என்றான், பைப்படிக்கும் கேட்கிற மாதிரி. "சாமி லைட் போட்டப்ப ஏர்த்த ஒழுங்கா மாட்டாம விட்டது நான். ராஜம் செத்தது என்னாலதான். ஒங்களால இல்ல."

சின்னத்தம்பி கோடரியைக் கீழே வைத்தான்.

விஜேந்திரன் பொட்டலத்தை அவன் கையில் வைத்தான். "கோடியக் குடுங்க மச்சான். நான் மறிக்க மாட்டேன்."

சின்னத்தம்பி கடதாசியைப் பிரித்துச் சேலையைப் பார்த்தான். மடிப்புக் கலையவில்லை.

"குடுக்கலாம் மாப்ள" என்றான். "யாரு மேல போத்துறது?"

விஜேந்திரனுக்கு அப்போதுதான் கை எரிந்தது. நேற்றுச் சுட்ட கை.