வெள்ளை விட்ட இடம்

1917, போர்க்காலம். பீங்கான் சூளைத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தச் செய்தி முழுவதையும் தணிக்கைக்காரர் அடித்துவிட்டார். லிமோஜ் நகரத்துச் சோஷலிச நாளிதழ் 'சூளைத்தீ'யின் முதல் பக்கத்தில் பாதி காலி.

"பேசாம செஸ்ட்நட் சூப்பு செய்முறையப் போட்டு அடைச்சிடு லியோந்தின். வம்பு வேணாம்," என்றார் ஆசிரியர் ப்ரதோ.

அச்சுக் கோக்கும் லியோந்தினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அடிச்ச இடத்த வெள்ளையா விடுறதுதானே தோழர் நம்ம வழக்கம்? சூப்பு போட்டா ஊருல ஒண்ணுமே நடக்கலன்னு ஆயிடும். வேணும்னா நீங்களே கோத்துக்குங்க!"

எந்த அச்செழுத்து பெட்டியின் எந்த அறையில் கிடக்கிறதென்றே ப்ரதோவுக்குத் தெரியாது. பக்கம் வெள்ளையோடு அச்சுக்குப் போனது.

மறுநாள் வேலைக்கு வரும் வழியில், பீங்கான் ஆலைக் கதவில் 'சூளைத்தீ' ஒட்டியிருப்பதைப் பார்த்தாள். வெள்ளை இடத்தைக் காணோம். எந்தெந்தச் சூளை அணைந்தது, எத்தனை பேர் வெளியே வந்தார்கள், என்ன கேட்கிறார்கள் என்று ஆளுக்கொரு கையெழுத்தில் பென்சிலால் நிரப்பியிருந்தார்கள்.

நேராக ப்ரதோவிடம் போய் நின்றாள்.

"இன்னைக்கு ரெண்டு மடங்கு நீளமா எழுதுங்க தோழர். தணிக்கைக்காரரு நெறைய அடிக்கட்டும். தொழிலாளிங்களுக்கு எழுத இடம் பத்தல."