மலை இறங்கும் சோதனை

மணல் மூட்டைகளோடு பஸ்ஸில் போன பெண்பிள்ளை உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சீட்டுக்கு இரண்டு மூட்டை என்று பஸ் முழுக்க அடுக்கியிருந்தார்கள். டிக்கெட் எடுக்காத, சண்டை போடாத, ஜன்னல் சீட் கேட்காத பயணிகள். முன்பக்கம் மட்டும் உயிருள்ளவர்கள்: நான், என் மடியில் நாலு வயது மகள், பக்கத்தில் என் வீட்டுக்காரர். எதிர்ச் சீட்டில் பஸ் கம்பெனி முதலாளி. வண்டி ஓட்ட டிரைவர் அண்ணன். மலை உச்சியிலிருந்து அடிவாரம் வரை இறங்க வேண்டும். சக்கரங்களில் இருப்பது என் வீட்டுக்காரர் உருவாக்கிய பிரேக் பேட். அது பிடித்தால் எங்களுக்கு வாழ்வு. பிடிக்காவிட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் கூத்துக்கு எப்படி வந்து சேர்ந்தோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

எங்களுடையது தொழிற்சாலை என்று போர்டில்தான் எழுதியிருக்கும். உள்ளே போனால் ஒரு தகரக் கொட்டகை, இரண்டு அழுத்து இயந்திரம், ஒரு பெரிய அடுப்பு. வண்டிகளுக்குக் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், கலந்த பிரேக் பேட் செய்துகொண்டிருந்தோம். கல்நார்த் தூசி நுரையீரலை அரிக்கும் என்று அரசாங்கம் அதற்குத் தடை போட்டது. நல்ல காரியம். அதைக் குறை சொல்ல எனக்கு நாக்கு வராது. ஆனால் அதற்குப் பதிலாக எதைக் கலப்பது என்று யாரும் சொல்லவில்லை. தெரிந்த நாட்டுக்காரர்கள் சொல்வார்களா? பேட்டைக் கப்பலில் அனுப்புவார்கள், உள்ளே என்ன இருக்கிறது என்பதை அனுப்ப மாட்டார்கள்.

"நாமே கண்டுபிடிப்போம்" என்றார் இவர். அன்றைக்குப் பிடித்தது சனி.

ஆராய்ச்சி என்றால் பெரிய இடங்களில் வெள்ளைக் கோட்டும் கண்ணாடி அறையும் இருக்குமாம். எங்கள் ஆராய்ச்சிக்கு என் மிக்ஸியும் என் சமையலறை மேடையும் பலியாயின. முந்திரி ஓட்டுத் தூள், பித்தளைச் சீவல், ரப்பர், பிசின் என்று எதையெதையோ அரைத்தார், கலந்தார், அழுத்தினார், வேகவைத்தார். ஒரு கலவை சூட்டில் விரிசல் விட்டது. ஒன்று ஈரத்தில் வழுக்கியது. ஒன்று நன்றாகத்தான் பிடித்தது, ஆனால் பிடிக்கும்போதெல்லாம் போட்ட கூச்சலில் தெருவே வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தது. "ஏங்க, இது பிரேக்கா, ஒப்பாரியா?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. அப்போதெல்லாம் அவர் சிரிப்பதையே விட்டிருந்தார்.

மூன்று வருஷம் இப்படிப் போனது. வேலைக்கு இருந்தவர்களில் பாதிப் பேர் வேறு பிழைப்புத் தேடிப் போனார்கள். மீதிப் பன்னிரண்டு பேர் போக இடமில்லாமல் எங்களோடு கிடந்தார்கள். கடைசியில் ஒரு கலவை கைகூடி வந்தது. பஸ் முதலாளியின் கையைக் காலைப் பிடித்து இவர் ஒரு வண்டியைச் சோதனைக்கு வாங்கினார். மணல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு டிரைவர் அண்ணன் வெயிலிலும் மழையிலும் அந்த மலையை எத்தனையோ தடவை இறங்கினார். ஒரு தடவைகூடப் பேட் கைவிடவில்லை.

அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் முதலாளி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்.

"தம்பி, மணல் மூட்டை செத்தா எவனும் அழப் போறதில்ல. என் வண்டியில ஏறுறது ஜனங்க. உங்க சரக்கு மேல உங்களுக்கே நம்பிக்கை இருந்தா, உங்க பொண்டாட்டி புள்ளைய உக்கார வெச்சு இறக்கிக் காட்டுங்க. நானும் கூட வரேன். அன்னிக்கே எல்லா வண்டிக்கும் ஆர்டர்."

இவர் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது கையில் இருந்த கரண்டியைத் தூக்கி எறிந்தேன். அவர் மேல் இல்லை, சுவரின் மேல்.

"என்னை வேணா கூட்டிட்டுப் போங்க. குழந்தை எதுக்குங்க?"

"குடும்பம்னா குடும்பம்தான்னுட்டார்."

"நீங்களும் சரின்னு தலையாட்டிட்டு வந்துட்டீங்க?"

"இந்த மாசத்தோட பட்டறையப் பூட்டணும். வேற வழி இருந்தா நீயே சொல்லு."

எனக்கு வழி தெரியவில்லை. படுக்கப் போகும் முன் சொன்னேன்: "பேட் மேல நம்பிக்கை இருக்கான்னு எங்கிட்ட கேக்காதீங்க. எனக்கு அதெல்லாம் தெரியாது. உங்க மேல இருக்கு. வரோம்." அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். விடிவதற்கு முன்பே எழுந்து, வண்டியை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று டிப்போவுக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

உச்சியிலிருந்து வண்டி கிளம்பியது. முதல் வளைவு வந்தது. ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் ஒன்றுமே இல்லை. கைப்பிடிச் சுவர் அங்கங்கே இடிந்து கிடந்தது. மகளுக்கு ஒரே கொண்டாட்டம். "அம்மா, கீழ பாரு, கீழ பாரு!" என்று ஜன்னலில் தொங்கினாள். அவளை இழுத்து நெஞ்சோடு இறுக்கினேன். டிரைவர் அண்ணன் ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் என் காலும் தரையை மிதித்தது. எனக்குத் தெரிந்த சாமிகளை எல்லாம் கூப்பிட்டேன். 

இவர் என்னைப் பார்த்தார். பார்க்கச் சகிக்கவில்லை போலிருக்கிறது. என் காதோடு குனிந்தார்.

"பயப்படாத. இது நம்ம பேட் இல்ல. வெளிநாட்டு பேட்தான். காலையில மாத்திட்டேன்."

எனக்குக் கோபம் வந்தது என்று சொல்ல ஆசை. வரவில்லை. வந்தது நிம்மதி. கல் ஒன்றை நெஞ்சிலிருந்து இறக்கி வைத்தாற்போல் இருந்தது. மகளை ஜன்னல் பக்கம் விட்டேன். சாய்ந்து உட்கார்ந்து வேடிக்கைகூடப் பார்த்தேன். அடிவாரம் நெருங்கி, கூரைகள் தெரிய ஆரம்பித்த பிறகுதான் அவர் சொன்னதன் அர்த்தம் முழுசாக எனக்கு உறைத்தது. பெண்டாட்டி பிள்ளையை நம்பி உட்கார வைக்க முடியாத பேட்டை ஊரார் ஏறும் வண்டிகளில் மாட்டப் போகிறோம்.

டிப்போவில் இறங்கியதும் முதலாளி நேராக என்னிடம் வந்தார். முகமெல்லாம் பல்.

"அம்மா, நான் ரோட்டைப் பாக்கவே இல்ல. உங்க மூஞ்சியத்தான் பாத்துட்டு வந்தேன். மேல கிளம்பறப்ப பேயறைஞ்ச மாதிரி இருந்தீங்க. நாலு வளைவு தாண்டினதும் அப்படியே தெளிஞ்சுடுச்சு. குழந்தைய மடியில வெச்சிருக்கற பொம்பளைக்கு அந்தத் தெளிவு சும்மா வராது. எனக்கு அது போதும். தம்பி, எல்லா வண்டிக்கும் மாட்டிடுங்க."

இவர் கையை நீட்டினார். முதலாளி அதைப் பிடித்துக் குலுக்கினார். இவர் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அதற்கு ஆயிரம் நியாயம் இருந்தது. பன்னிரண்டு குடும்பம், மூன்று வருஷம், இந்த மனுஷனின் போன சிரிப்பு. எல்லாம் என் நாக்கைப் பிடித்து இழுத்தன. அந்த நேரம் பார்த்து எங்கள் பக்கத்திலிருந்து ஒரு பஸ் மலைக்குக் கிளம்பியது. உள்ளே நிற்க இடமில்லை. படியில் தொங்கியவனை ஒரு பெண் உள்ளே வரச் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான், என்னால் முடியவில்லை.

"சார், அது எங்க பேட் இல்ல" என்றேன்.

முதலாளிக்குப் புரியவில்லை. இவருக்கு முகத்தில் ஈயாடவில்லை.

"வெளிநாட்டு பேட் மாட்டித்தான் இறங்கினோம். வழியில எங்கிட்ட சொன்னார். அதான் என் மூஞ்சி தெளிஞ்சுது."

முதலாளி கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தேவலை. இவரையே பார்த்தார். "உங்க வீட்டு ஜனத்துக்கு அது, என் வண்டி ஜனத்துக்கு இதா தம்பி?" என்று மெதுவாகக் கேட்டார்.  பிறகு டிரைவர் பக்கம் திரும்பி, "சாயந்திர டிரிப்புக்கு இந்த வண்டி வேணும். இருக்கற பேட் அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போனார்.

இவர் என் மேல் பாய்வார் என்று காத்திருந்தேன். இவர் கழற்றி வைத்திருந்த எங்கள் பேட்டுகள் ஒரு சாக்குப் பையில் சுவரோரம் இருந்தன. அதன் பக்கத்தில் போய்க் குந்திக்கொண்டார்.

"ஏங்க, நம்ம பேட் நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் இருக்கு."

"அப்புறம் ஏன்?"

"மணல் மூட்டைய இறக்கறப்ப எனக்குக் கணக்கு மட்டும்தான் ஞாபகம் இருக்கும். நேத்து நீ என் மேல நம்பிக்கை இருக்குன்ன. அதுக்கப்புறம் ஒரு கணக்கும் மனசுல நிக்கல. ஒண்ணு ஆயிட்டா? நான் என்ன செய்வேன்?"

டிரைவர் அண்ணன் இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் நின்றார். சாது மனுஷர். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை.

"ஏன் சார், இத்தனை தடவை உங்க பேட்ட வெச்சு இறக்கினவன் நான்தானே? அப்ப எல்லாம் உங்க கை நடுங்கலையே? வண்டியில மணல் மூட்டை மட்டும்தான் இருந்துச்சா?"

இவர் கையெடுத்துக் கும்பிட்டார். வேறு என்ன செய்ய முடியும்? 

நான்தான் கேட்டேன். "அண்ணே, சாயந்திரத்துக்குள்ள இன்னொரு தடவை மேல போய் வரலாமா? இவர் பேட்ட மாட்டி. நான் வரேன்."

"இனிமே எதுக்கு தங்கச்சி? ஆர்டர்தான் போச்சே."

"ஆர்டருக்கு இல்லண்ணே. நான் வாயைத் திறந்தது சரிதானான்னு எனக்குத் தெரியணும். இல்லேன்னா நான் தூங்க மாட்டேன்."

இவர் வேண்டாம் என்று கெஞ்சினார். "குழந்தையப் பிடிங்க" என்று மகளை அவர் கையில் திணித்தேன். கோபத்தில் இல்லை, பயத்தில்தான். டிரைவர் அண்ணன் "மாட்டுங்க சார்" என்று ஒரு வழியாகச் சொன்னார். டிப்போ மெக்கானிக் சக்கரங்களைக் கழற்ற, இவர் தன் பேட்டுகளைத் தன் கையாலேயே மாட்டினார். 

மறுபடி அதே முன் சீட். மடியில் யாரும் இல்லை. காதில் ஆறுதல் சொல்லவும் யாரும் இல்லை. உச்சியில் வண்டியைத் திருப்பியபோது, "இறங்கிக்கறியா தங்கச்சி?" என்று அண்ணன் கேட்டார். "நீங்க இறங்கலையே" என்றேன்.

முதல் வளைவில் பிடித்தது. அடுத்ததிலும் பிடித்தது. சரிவு செங்குத்தாகும் இடத்தில் அண்ணன் வேண்டுமென்றே வண்டியை வேகமாக ஓடவிட்டு, கடைசி நிமிஷத்தில் மிதித்தார். மூட்டைகள் எல்லாம் முன்னால் சரிந்து வந்து என் முதுகை இடித்தன. வண்டி சொன்ன இடத்தில் நின்றது. ஒரு கூச்சல் இல்லை, ஒரு வழுக்கல் இல்லை. அண்ணன் ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தார். நான் அழுதேன். நல்ல பேட். மூன்று வருஷமாக என் வீட்டுக்காரர் உயிரைக் கொடுத்துச் செய்த நல்ல பேட். நான் பேசாமல் இருந்திருந்தால் நாளைக்கு எல்லா வண்டியிலும் ஏறியிருக்கும், யாருக்கும் ஒரு கெடுதலும் வந்திருக்காது. அவர் காலையில் அதைக் கழற்றாமல் இருந்திருந்தால் நான் பேச வேண்டியே வந்திருக்காது. இனிமேல் முதலாளியைக் கூப்பிட்டு எந்த மலையில் இறக்கிக் காட்டினாலும், எங்கள் முகத்தை யார் நம்புவார்கள்?

மீதி வழி முழுக்க ஒரே யோசனை. பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டால்? வழுக்கியது, நீங்கள் மாற்றியதால்தான் பிள்ளை பிழைத்தாள் என்று சொல்லிவிட்டால்? மனுஷன் இன்றைக்கு ராத்திரியாவது நிம்மதியாகத் தூங்குவார். அண்ணனையும் அப்படியே சொல்லச் சொல்லலாம்.

டிப்போ வாசலிலேயே நின்றிருந்தார். தோளில் மகள் தூங்கிப் போயிருந்தாள். நான் படியில் இறங்குவதற்குள் கேட்டார்.

"பிடிச்சுதா?"

அந்தக் கேள்வியில் இன்னும் கொஞ்சம் ஆராய்ச்சிக்காரர் மிச்சம் இருந்தார். அந்த ஆளிடம் என்னால் பொய் சொல்ல முடியவில்லை.

"பிடிச்சுதுங்க. எல்லா வளைவுலயும்."

"செங்குத்துலயும்?"

"அங்கதான் ரொம்ப நல்லா பிடிச்சுது."

சாவுச் செய்தி கேட்டவர் மாதிரி மெதுவாகத் தலையாட்டினார். மகளை என் தோளுக்கு மாற்றினார். சாயந்திர டிரிப்புக்கு ஆட்கள் வந்து வரிசையில் நிற்க ஆரம்பித்திருந்தார்கள். மெக்கானிக் முன்சக்கரத்தைக் கழற்றி உருட்டிக்கொண்டு போனான். இவர் மண்டியிட்டு உட்கார்ந்து, வெளிநாட்டு பேட்டைத் திரும்ப மாட்டுவதற்காகத் தன் பேட்டை வெளியே எடுக்கக் கையை உள்ளே விட்டார், சுட்டது போலிருக்கிறது, இழுத்துக்கொண்டார், மறுபடி விட்டார்.

"ஆறட்டும்ங்க" என்றேன். அவர் காதில் விழவில்லை.