கதிங்கா பூட்டிய கேபிள் டை

"இதை ஒரு தடவை பூட்டிட்டா அப்புறம் அவிழவே அவிழாதா, ஃபிலாட் மாமா?" என்று கதிங்கா ஒருநாள் என்னிடம் கேட்டாள்.

அவளுக்கு ஆறு வயது. அவர்கள் வீட்டு முற்றத்தில் ஏணிமேல் நின்று, திராட்சைப் பந்தலோடு விளக்குக்கு வயர் இழுத்துக்கொண்டிருந்தேன். வாயில் நாலைந்து கேபிள் டைகள். பல் வெட்டிய அந்தப் பிளாஸ்டிக் பட்டை தன் தலைக்குள்ளேயே நுழைந்து டிக் டிக்கென்று ஏறுவது அவளுக்கு வேடிக்கையாக இருந்தது.

"அவிழாது. வெட்டினாத்தான் உண்டு" என்றேன்.

முப்பது வருஷ எலக்ட்ரிஷியன் நான். அது பொய் என்று எனக்குத் தெரியும். இறங்கி வந்து விளக்கச் சோம்பல், அவ்வளவுதான். கீழே விழுந்த ஒன்றை அவள் எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டதையும் பார்த்தேன். கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அவள் அம்மா ஸெனோவியா எங்கள் பேச்சைக் கேட்டுச் சிரித்தாள்.

இரண்டு வாரம் கழித்து, மார்ச் மாதத்து ஒரு வெள்ளிக்கிழமை. இத்தாலிக்குப் போகும் வேன் எங்கள் ஊர் சர்ச் வாசலில் நின்றிருந்தது. அங்கே இருக்கும் என் தங்கைக்கு வால்நட்டுப் பொட்டலம் அனுப்ப நான் போயிருந்தேன். அதே வேனில்தான் ஸெனோவியாவும் புறப்படுகிறாள். பதுவா நகரில் படுக்கையில் கிடக்கும் ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஞாயிறு மாலைக்குள் போய் நிற்காவிட்டால் அந்த இடத்துக்கு வேறொருத்தி தயாராக இருந்தாள். இலையுதிர் காலத்தில் புருஷன் லியோந்தே இறந்துபோனபின் அந்த வீட்டில் சம்பாதிக்க வேறு ஆள் இல்லை. கதிங்கா ஊரிலேயே தாத்தாவிடம் இருப்பாள்.

டிரைவர் வெனியமின் வண்டியைக் கிளப்பினான். உடனே உள்ளே ஒரு அலறல்.

எட்டிப் பார்த்தேன். குழந்தையை மடியில் வைத்தபடி ஸெனோவியா கொஞ்சம் கண்ணயர்ந்திருக்கிறாள். அந்த நேரத்தில் கதிங்கா தன் மணிக்கட்டையும் அம்மாவின் மணிக்கட்டையும் சேர்த்து கேபிள் டையைச் சுற்றி, பல்லால் இழுத்துப் பூட்டிவிட்டாள். குழந்தையை இறக்க வந்த தாத்தா திரிஃபோன், கழற்றுவதாக நினைத்துப் பட்டையின் வாலைப் பிடித்து இழுத்தார். இன்னும் இரண்டு டிக். பட்டை சதைக்குள் புதைந்துவிட்டது. பிஞ்சு விரல்கள் நீலம் பாரிக்க ஆரம்பித்திருந்தன.

"நகருங்க, நான் பாக்கறேன்" என்று வெனியமின் கத்தியோடு ஏறினான். முனையைப் பட்டைக்கடியில் நுழைக்கும்போதே குழந்தை வெடுக்கென்று கையை இழுத்தாள். ஸெனோவியாவின் கையில் ரத்தம் கசிந்தது.

"கத்தியை எடுடா!" என்று கத்தினேன். "நரம்பு ஓடுற இடம் அது."

"பின்னே எதுல வெட்டுறது? உன் பல்லுலயா? எல்லையில இப்பவே அரை மைல் வண்டி நிக்குது. பத்து நிமிஷம் பார்ப்பேன். அப்புறம் அக்கா இறங்கிக்கட்டும், எனக்கு இன்னும் ஏழு பேர் இருக்காங்க."

"எலக்ட்ரிஷியன்னு பேரு, கையில ஒரு கட்டர்கூட இல்ல" என்றாள் பின்சீட்டுப் பெண் ஒருத்தி.

கட்டர் வீட்டில் இருந்தது. போய்வர இருபது நிமிஷம். தவிர, அத்தனை இறுகிய இடத்தில் கட்டரின் மூக்கு நுழையாது. எனக்கு வேண்டியது ஊசி. மார்ச் மாதம் எங்கள் ஊரில் ஊசிக்குப் பஞ்சமில்லை. வசந்தம் பிறந்ததற்கு அடையாளமாக எல்லார் நெஞ்சிலும் சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய நூலை ஊசியால் குத்தியிருப்பார்கள்.

"அக்கா, அந்த ஊசியைக் குடுங்க" என்று பின்சீட்டுக்காரியிடமே கையை நீட்டினேன்.

தந்தாள். பட்டையின் தலைக்குள் ஒரு சின்ன நாக்கு உண்டு. அதுதான் பல்லைக் கவ்விக்கொண்டிருக்கும். அதை நெம்பித் தூக்கினால் பட்டை பின்னால் வரும். நெம்பினேன். ஊசி வளைந்துபோயிற்று.

"ஆறு நிமிஷம்" என்றான் வெனியமின்.

"வலிக்குது மாமா!"

இருவரும் ஆளுக்கொரு பக்கம் கையை இழுத்துக்கொண்டிருந்தார்கள். இழுக்கும்வரை நாக்கு விடாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"கதிங்கா, இழுக்காதேம்மா. அம்மா கையோட உன் கையை ஒட்டி வை. ஸெனோவியா, நீயும் அழுத்து. இன்னும். ரெண்டு கையும் ஒரே கை மாதிரி ஆகணும்."

"வண்டி போயிடும் அண்ணே..." என்றாள் ஸெனோவியா.

"வண்டியை மறந்துடு. அழுத்து."

அவள் கண்ணை மூடிக்கொண்டு குழந்தையின் கையைத் தன் கையோடு அழுத்தினாள். பட்டை மயிரிழை தளர்ந்தது. திரிஃபோன் தன் கோட்டிலிருந்து கழற்றித் தந்த ஊசி தடிமனாக இருந்தது. 'ஆண்டவரே, என் கை நடுங்காமல் பார்த்துக்கொள்ளும்' என்று முணுமுணுத்து, நாக்குக்கும் பல்லுக்கும் நடுவே விட்டேன். ஒரு பல் பின்னால் வந்தது. நின்றது. மறுபடி ஒன்று. பிறகு முழுப் பட்டையும் வழுக்கிக்கொண்டு என் கைக்கு வந்துவிட்டது.

"விரலை ஆட்டு. குத்துற மாதிரி இருக்கா?"

"எறும்பு ஓடுது."

"நல்லது, ரத்தம் ஓட ஆரம்பிச்சிடுச்சு."

வெனியமின் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "ஏன் குட்டி, இந்த வித்தையை உனக்கு யார் சொல்லிக் குடுத்தது?"

கதிங்கா என்னைப் பார்த்தாள். வண்டி முழுக்க அவளைப் பார்த்தது. ஸெனோவியா சட்டென்று குழந்தையின் முகத்தைத் தன் மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"யாரும் சொல்லலை. நான் தூங்கினதுதான் தப்பு."

குழந்தையின் தலைக்குமேல் அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கோபித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பட்டையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். பல் தேயவில்லை. வளைந்த ஓரிடம் மட்டும் வெளுத்திருந்தது. ஸெனோவியாவின் பயணப் பையில் இருந்த இரண்டு ஜிப் வளையங்களையும் சேர்த்து அதைக்கொண்டே தளர்வாகப் பூட்டினேன்.

"இதுக்குத் தாங்கும். கனமா எதையும் இதுல தொங்கவிடாதே, வெளுத்த இடத்துல அறுந்துடும்" என்று சொல்லிவிட்டு, ஊசியைக் கதிங்காவிடம் கொடுத்தேன். "நீ அவிழ்த்துக் காட்டு."

நாக்கைக் கடித்துக்கொண்டு நெம்பினாள். இரண்டாம் தடவை அவிழ்ந்தது.

"ரொம்ப சுலபமா இருக்கே. அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?" என்றாள் என் காதருகே.

"சொல்லியிருக்கணும்" என்றேன்.

மறுபடி அவளே பூட்டினாள். தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். அழுதாள், ஆனால் திமிறவில்லை. ஸெனோவியா ஜன்னலைத் திறந்து, "அப்பா, இறந்தவங்க நாள் வரும்போது லியோந்தே கல்லறையைச் சுத்தம் பண்றேன்னு குனிஞ்சு நிமிர்ந்து கஷ்டப்படாதீங்க. உங்க இடுப்பு தாங்காது. புல் இருந்தா இருக்கட்டும், அவர் கோவிச்சுக்க மாட்டார்" என்றாள். வண்டி புறப்பட்டது.

ஈஸ்டர் முடிந்த அடுத்த வாரம் எங்களுக்கு இறந்தவர்கள் நாள். அதற்கு முந்திய வியாழக்கிழமை ஊரே உருளைக்கிழங்கு நடப் போயிருந்த நடுப்பகலில், யார் கண்ணிலும் படாமல் நான் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். லியோந்தேயின் மேட்டில் முழங்கால் உயரம் புல். வேரோடு பிடுங்கினேன். சாய்ந்திருந்த சிலுவையை நிமிர்த்தி, அடியில் கல் வைத்து இறுக்கினேன். பழைய மெழுகைச் சுரண்டினேன். கம்பி வேலிக்கு நீலப் பெயின்ட் இரண்டு தடவை பூசினேன். பிடுங்கிய புல்லைச் சுவருக்கு அப்பால் கொட்டிவிட்டு, கையில் ஒட்டிய நீலத்தைக் கிணற்றடியில் மண் போட்டுத் தேய்த்துக் கழுவினேன்.