மிதிக்க ஆளில்லாத கரை

லோன்வோலி ஊரின் கடற்கரை ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஊரைவிட்டுக் கிளம்பிப் போனது. கிழங்குத் தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் பார்த்தார்கள். கறுப்பு மணல் மொத்தமும் பாய்போலச் சுருண்டு, நண்டு, சிப்பி எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு, முனையைத் திரும்பி மறைந்தது. அது கிடந்த இடத்தில் எரிமலைக் குழம்பு இறுகிய பாறைதான் மிச்சம். கரையைக் குற்றம் சொல்ல முடியாது. மாதக்கணக்கில் அதை ஒருவரும் மிதிக்கவில்லை.

ஊர்த்தலைவர் மகேகோன்தான் காரணம். எங்கள் மணலுக்கு அடியில் மலையின் சூடு இருப்பதால் காட்டுக்கோழிகள் அதில் முட்டையைப் புதைத்துவிட்டுப் போய்விடும். அடைகாப்பதை மலை பார்த்துக்கொள்ளும். பக்கத்து ஊர் ரன்மூரிக்காரர்கள் தங்கள் பங்குக்கு மேல் முட்டை தோண்டினார்கள் என்று மகேகோனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்து, கரை நடுவே நமேலே ஓலையை நட்டார். ஓலை நட்ட இடத்தில் மனிதக் கால் படக்கூடாது. பிடுங்க வேண்டுமானால், நட்டவர் மட்டும் மணலில் இறங்கி அதன் முன்னால் ஒரு பன்றியைக் கொல்ல வேண்டும். அதுவும் கோரைப்பல் முழு வளையமாகச் சுருண்ட பன்றி. மகேகோனிடம் அப்படியொன்று இல்லை. பன்றி இல்லாமல் ஓலை நடுவது எங்கள் தீவில் கோபக்காரர்கள் எல்லோரும் செய்கிற தப்புதான். ரன்மூரியில் ஒன்று இருந்தது. அவர்களிடம் போய்க் கேட்பதற்கு எரிமலை வாயில் குதிக்கலாம் என்றார்.

அவர் மகள் லெய்வியாவைக் கட்டிக்கொள்ளப் போகிற போங்நாயிம், பெண்ணுக்காகக் கொடுக்க வேண்டிய வளையப்பல் பன்றியைத் தேடிப் பெரிய தீவுக்குப் போயிருந்தான். பன்றியோடு திரும்பி வந்தால் கரையைக் காணோம். படகில் தீவைச் சுற்றித் தேடி ரன்மூரியில் கண்டுபிடித்தான். ஓலை அப்படியே நடுவில் நின்றது. ரன்மூரி ஜனங்கள் மணலின் ஓரத்தில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கேயும் மிதிக்க ஆளில்லை என்று தெரிந்ததும் கரை அடுத்த ஊருக்குப் போனது, பிறகு அதற்கும் அடுத்த ஊருக்கு. மற்ற இடமெல்லாம் செங்குத்துப் பாறை. போங்நாயிம் மட்டும் கொடியைப் பிடித்து ஏறிவிடலாம். பன்றியைக் கட்டித் தூக்கினால் பல் பாறையில் பட்டு உடையும். பல் உடைந்தால் அது வெறும் கறி.

மகேகோன் பாறை உச்சியில் நின்று கத்தினார். "மாப்ளே! கரையக் கண்டா அந்தப் பன்றிய எறக்கி விடு. கொன்னுட்டு ஓலையப் பிடுங்கிடறேன்."

"அப்ப லெய்வியாவுக்கு, மாமா?"

"அதுக்கு வேற பன்றி கொண்டா!"

"பல்லு வளையறதுக்குள்ள என் பல்லு கொட்டிடும், மாமா!"

இப்படித்தான் வருஷங்கள் போயின. போங்நாயிமின் படகு தீவைச் சுற்றியது. லெய்வியா பாறை விளிம்பில் கூடவே நடந்தாள். கிழங்கைத் துருவி வாழையிலையில் பொதிந்து சுட்ட லப்லப்பையும் இளநீரையும் கொடியில் கட்டி இறக்குவாள். பாதிப் பங்கு பன்றிக்குப் போகும். அவள் நடந்து நடந்து நாலு ஊரையும் இணைத்து ஒரு பாதையே விழுந்துவிட்டது. இன்றும் எல்லோரும் அதில்தான் போகிறோம். ரன்மூரிப் பெண்கள் வாயைச் சும்மா வைத்திருக்கவில்லை. "என்னடி, மாப்பிள்ளைய மேய்ச்சலுக்கு ஓட்டிட்டுப் போறியா?" என்றார்கள். "ஆமாடி. உங்க ஆளுங்க மாதிரி கவாவக் குடிச்சிட்டுக் கவுந்து கெடக்காம இருக்காரில்ல" என்று அவளும் திருப்பிக் கொடுத்தாள். ஆனால் மலை சாம்பல் கொட்டுகிற நாட்களில் படகு கண்ணுக்குத் தெரியாது. அப்போது விளிம்பில் உட்கார்ந்து அழுவாள். பன்றியின் பல் இரண்டாவது சுற்றைத் தொடங்கியிருந்தது. தன் மகளுக்கு வரப்போகிற பன்றி மாதிரி உண்டா என்று மகேகோன் கவா வேர்ச்சாறு குடிக்கிற இடத்தில் பெருமை பேசினார்.

ஒரு நாள் வடக்குப் பக்கம், ஊரே இல்லாத பாறைக்காட்டில், லெய்வியா சாப்பாட்டை இறக்கவில்லை.

"பன்றியத் தண்ணில தள்ளு," என்றாள்.

"உங்கப்பா உன்னத் தர மாட்டாரு."

"இப்ப மட்டும் தந்துட்டாரா? எனக்கு நரை வந்தாச்சு. உனக்கு அங்கேருந்து தெரியல, அவ்வளவுதான்."

போங்நாயிம் பன்றியின் காதைத் தடவினான். பிறகு கயிற்றை அவிழ்த்தான். பன்றி நன்றாகவே நீந்தியது. அதன் முன்னங்கால் பாறையில் படுவதற்குள் கரை முனையைச் சுற்றி ஓடிவந்து, ஓலையும் தானுமாக அடியில் விரிந்துகொண்டது. பன்றிக்கு ஓலைச் சட்டம் கிடையாது. அது மணலைக் கிளறி முட்டை தின்ன ஆரம்பித்தது. படகும் கரை விளிம்புக்கு வந்து நின்றது. போங்நாயிமால் மட்டும் இறங்க முடியவில்லை.

சேதி கேட்டு நாலு ஊரும் கூடியது. மகேகோன் வந்தார். இருப்பது ஒரு பன்றி. மகளுக்கென்று வாங்கிக்கொண்டால் ஓலை நிற்கும், மாப்பிள்ளை படகிலேயே கிடப்பான். ஓலைக்கென்று கொன்றால் பெண்ணைச் சும்மா கொடுத்ததாக ஊர் சிரிக்கும். பன்றியைப் பார்த்தார். மகளின் தலையைப் பார்த்தார். அத்தனை பக்கத்தில் பகல் வெளிச்சத்தில் அதை அவர் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. தடியை எடுத்து மணலில் இறங்கி, ஒரே அடியில் பன்றியைச் சாய்த்தார். ஓலையைப் பிடுங்கினார்.

"பன்றி இல்லாம பொண்ணு தந்த பழக்கம் நம்ம ஊர்ல இல்ல," என்றார்.

"நீங்க தர வேணாம்பா. நான் போறேன், நீங்க பார்த்துட்டு நில்லுங்க," என்றாள் லெய்வியா.

போங்நாயிம் இறங்கினான். தரை ஆடாததால் நிற்கத் தெரியாமல் விழுந்தான். அவள் தூக்கி நிறுத்தினாள். ரன்மூரிக்காரர்கள்கூடச் சிரிக்கவில்லை.

அவர்கள் வீடு இப்போது அந்த வடக்குக் கரையில்தான். கறிவிருந்துக்கு வந்த சில குடும்பங்களும் அங்கேயே தங்கிவிட்டன. லெய்வியா எப்போதாவது கோபித்துக்கொண்டு அப்பா வீட்டுக்குக் கிளம்பினால் கரையும் அவள் பின்னாலேயே லோன்வோலிக்குப் போய்விடும். படகுக்காரர்கள் திட்டிக்கொண்டே துடுப்பைத் திருப்புவார்கள். போங்நாயிம் பாதையில் நடந்து போய் மாமனார் வீட்டு வாசலில் நிற்பான். கிழவர் உள்ளே திரும்பி, "வந்துட்டாம்மா, கெளம்பு," என்பார்.