பள்ளத்துப் பக்கம்

எங்கள் வீட்டுக்கும் பிரிஸ்புவா வீட்டுக்கும் நடுவில் ஒரு மரவேலி உண்டு. கோடையில்தான் அது வேலி. நவம்பரில் போர்நினைவு நாள் முடிந்த மறுநாள் என் கணவன் நெஸ்டரும் பக்கத்து வீட்டு ரோலண்டும் ஸ்பானரோடு இறங்கி, நடுவிலிருக்கும் மூன்று தட்டிகளைக் கழற்றிக் கார் கொட்டகையில் சாய்த்துவிடுவார்கள். இரண்டு கொல்லையும் ஒன்றாகிவிடும். அந்த நீளத்துக்கு, பிள்ளைகள் சறுக்கி ஹாக்கி ஆட ஐஸ் தளம் போடுவார்கள். சாஸ்கச்சுவானில் எங்கள் ஊரில் கொல்லைக்குக் கொல்லை தளம் உண்டு, ஆனாலும் பிள்ளைகள் ஹாக்கி மட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு எங்களுடையதைத் தேடித்தான் வருவார்கள். நெஸ்டர், ரோலண்ட், நான் மூன்று பேரும் ஒரே பள்ளிக்கூடம். அதனால் இவர்களை அவர், இவர் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

தளம் போடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. எங்கள் கொல்லை மேடு, அவர்களுடையது பள்ளம். பார்த்தால் தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். நெஸ்டர் மேட்டில் ரப்பர் குழாயோடு நிற்பான். ரோலண்ட் பள்ளத்துக் கடைசியில், கரை கட்டிய பலகையோரம் நிற்பான். தண்ணீர் மெல்லிசாக ஓடி வந்து பலகையைத் தொட்டதும் "போதும்டா!" என்று தெருவே கேட்கக் கத்துவான். அது உறைகிறவரை இரண்டு பேரும் கொட்டகையில் பீர் குடிப்பார்கள். பிறகு அடுத்த பூச்சு. அவசரப்பட்டு ஒரேயடியாக விட்டால் மேலே ஓடு கட்டிக்கொண்டு அடியில் தண்ணீர் நழுவிப் போய்விடும். உள்ளே வெறும் பொந்துதான் இருக்கும். ஏறினால் கால் இறங்கிவிடும்.

போன மார்ச்சில் ரோலண்டின் மகன் பஸ்கால் இறந்தான். பதிமூன்று வயது. காரை ஓட்டியவன் நெஸ்டர்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. பஸ்கால் பாதி நாள் எங்கள் வீட்டில்தான் சாப்பிடுவான். நெஸ்டர் அவனுடைய ஹாக்கி அணிக்குப் பயிற்சியாளன். அன்று ரோலண்டுக்குச் சுரங்கத்தில் வேலை, அதனால் வெளியூர் ஆட்டத்துக்கு நெஸ்டர் கூட்டிப்போனான். திரும்பி வரும்போது சாலையில் கண்ணுக்குத் தெரியாத ஐஸ். கார் சறுக்கிப் பள்ளத்தில் பாய்ந்தது. நெஸ்டருக்குத் தோள் எலும்பு முறிந்தது, பையன் போய்விட்டான். யார் மேலும் தப்பில்லை என்று போலீஸ் சொன்னது. ஊரும் சொன்னது. ரோலண்டும் அவன் மனைவி ஓடிலும் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. சவ அடக்கத்தன்று ரோலண்ட் நெஸ்டரின் கையைக் குலுக்கினான், முகத்தைப் பார்க்கவில்லை. அதோடு சரி.

வருகிறவன் போகிறவனெல்லாம் ரோலண்டிடம் "பையன் கடைசி வரைக்கும் சிரிச்சிட்டே வந்தானாம்" என்று ஆறுதல் சொல்லியிருக்கிறான். இவர்களில் ஒருவன்கூட அந்தக் காரில் இல்லை. இருந்தவன் நெஸ்டர் ஒருத்தன். அவனிடம் ரோலண்ட் கேட்கவேயில்லை.

நடந்தது எனக்குத் தெரியும். கடைசிப் பாகத்தில் பஸ்காலை நெஸ்டர் ஆட்டத்திலிருந்து எடுத்து பெஞ்சில் உட்காரவைத்துவிட்டான். அணி தோற்றது. பையன் கோபித்துக்கொண்டு வழி நெடுக ஒரு வார்த்தை பேசவில்லை. என்றைக்காவது ரோலண்ட் கேட்பான், கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டும் என்பது நெஸ்டரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது. கேட்காமலே போய்விடுவானோ என்பது அதைவிட அரித்தது.

"கேட்டா, சிரிச்சிட்டு வந்தான்னு நீயும் சொல்லிட்டுப் போயேன். யாருக்கு என்ன நஷ்டம்?" என்றேன் ஒருநாள்.

"அவன் சிரிக்கல வெர்னா."

"அது உனக்கும் எனக்கும்தானே தெரியும்?"

"கடைசியா அவன்கிட்ட இருந்தது அந்தக் கோபம் ஒண்ணுதான். அதையும் பிடுங்கச் சொல்றியா?"

இவனோடு பேசி ஜெயிக்க முடியாது. எனக்கு எரிச்சலாக வந்தது, அழுகையும் வந்தது.

அந்த நவம்பரில் வேலியின் பக்கம் யாரும் போகவில்லை. டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நெஸ்டர் குழாயை உருட்டிக்கொண்டு கொல்லைக்குப் போனான். எங்கள் பாதியில் மட்டும் பனியை மிதித்துக் கெட்டிப்படுத்தி, வேலியோரம் ஒரு பலகையை நிறுத்தியிருந்தான்.

"யாருக்குடா இது?" என்று ஜன்னலைத் திறந்து கேட்டேன்.

"தெரியல" என்றான்.

அதற்கு மேல் நான் என்ன கேட்பது? கை சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று நினைத்தானோ என்னவோ. ஜன்னலை மூடிவிட்டு பெரோகி கொழுக்கட்டைக்கு மாவு பிசைய உட்கார்ந்தேன்.

அன்று பார்த்து குளிரும் அவ்வளவாக இல்லை. தலை நிமிர்ந்தபோதெல்லாம் அவன் அதே இடத்தில் நின்றிருந்தான், தண்ணீர் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கண் எங்கேயோ, மனசு எங்கேயோ. தரையோ கல்லாக உறைந்து கிடக்கிறது, சொட்டுத் தண்ணீர் குடிக்காது. மாவை மூடி வைத்துவிட்டு மாடி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தண்ணீர் பலகைக்கு அடியில் புகுந்து, வேலியைத் தாண்டி, பிரிஸ்புவா வீட்டுச் சுவர்வரை பளபளவென்று ஓடியிருந்தது. அங்கே நிலவறை ஜன்னலுக்காக வெட்டிய குழி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

"நிறுத்துடா மனுஷா!" என்று கத்தினேன். நெஸ்டர் குழாயை மூடிப் போட்டுவிட்டு வேலிக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தான். முகம் வெளுத்துப்போய்விட்டது. "நீ போய்ச் சொல்லு. என்னால அந்தக் கதவைத் தட்ட முடியாது" என்றான்.

என்னால் மட்டும் முடியுமா? ஆனாலும் போனேன்.

ஓடில்தான் திறந்தாள். ரோலண்ட் கோவிலுக்குப் போயிருந்தான், அவள் போவதை நிறுத்தி ரொம்ப நாளாகிறது. பாதியாக இளைத்திருந்தாள். "என்ன?" என்றாள்.

"தண்ணி, ஓடில். எங்க தண்ணி. உங்க நிலவறைக்குள்ள இறங்குது. நெஸ்டர் தளம் போடறான்."

"யாருக்கு?"

"அவனுக்கே தெரியல."

என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு நிலவறைக் கதவைப் பார்த்தாள். "நான் கீழ போறதில்ல வெர்னா. துணி தோய்க்கறதுகூட அவர்தான்" என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. நான் முன்னால் இறங்கினேன், அவள் பின்னால் வந்தாள்.

சுவரோரம் தண்ணீர் இறங்கி சிமென்டுத் தரையில் பரவியிருந்தது. வெந்நீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் பஸ்காலின் ஹாக்கி பை இருந்தது. போலீஸ் கொடுத்தனுப்பியதை ரோலண்ட் அங்கே வைத்தானாம், ஜிப்பைக்கூட யாரும் தொடவில்லை. அதன் அடிப்பக்கம் நனைந்திருந்தது. இதுவும் எங்களாலா என்று நினைத்தேன். அப்போது பூமி பிளந்து என்னை விழுங்கினாலும் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

"அந்தப் பக்கம் பிடி" என்றாள் ஓடில்.

ஆளுக்கொரு பிடியைத் தூக்கித் துணி தோய்க்கும் மெஷின் மேல் வைத்தோம். தண்ணீர் சொட்டியது. அவள் கொஞ்ச நேரம் கையைப் பைமேல் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு வெடுக்கென்று ஜிப்பை இழுத்தாள்.

ஹாக்கி ஆடும் பிள்ளை இருக்கிற வீட்டில் அந்த நாற்றம் எல்லோருக்கும் பழக்கம். வியர்வை, ஈரத் தோல், புளித்துப்போன கையுறை. ஆட்டம் முடிந்து வந்ததும் பையைத் திறந்து காயப்போடாவிட்டால் அடுத்த நாள் வீட்டில் இருக்க முடியாது. இது மார்ச்சிலிருந்து மூடிக் கிடந்தது.

"ஐயோ, என்ன நாத்தம்டா!" என்றாள் ஓடில். என்னிடம் இல்லை, அவனிடம் சொன்னாள். சிரிப்பு மாதிரிதான் ஆரம்பித்தது. "தினம் தொண்டை கிழியக் கத்துவேன் வெர்னா, பையைத் திறந்து போடுடா, திறந்து போடுடான்னு. ஒரு நாளாவது கேட்டானா அந்தத் தடியன்?" அழுகிப்போன கையுறையை எடுத்து முகத்தில் அழுத்திக்கொண்டாள். நான் அவளைப் பிடித்துக்கொண்டேன். அவள் தள்ளிவிடவில்லை.

பிறகு ஒவ்வொன்றாக எடுத்துக் கொடியில் மாட்டினோம். தோள்கவசம், முழங்கால் கவசம், சட்டை. ஸ்கேட்டில் துரு ஏறியிருந்தது.

மேலே கதவு திறந்தது. ரோலண்ட் கோவில் கோட்டோடே படியிறங்கி வந்தான். முதலில் தண்ணீரைப் பார்த்தான், அப்புறம் என்னை. "யாரு விட்ட தண்ணி?"

"எங்களுது ரோலண்ட்."

"பையனை எடுத்துட்டீங்க. இப்ப வீட்டையும் எடுக்கப் போறீங்களா?"

அப்போதுதான் அவன் கொடியைப் பார்த்தான். சட்டையின் முதுகில் மகனின் எண் இருந்தது. தொண்டைக்குள் ஏதோ சொன்னான், கேட்கவில்லை. சட்டென்று திரும்பி மேலே போனான். மேலே கருவிப்பெட்டியைத் தரையில் கொட்டும் சத்தம் கேட்டது.

எனக்குப் பயமாகப் போயிற்று. ஓடிலும் நானும் பின்வாசலுக்கு ஓடினோம்.

வேலிக்கு அந்தப் பக்கம் நெஸ்டர் மண்டியிட்டு, வெறுங்கையால் பனியை அள்ளி அடியில் அடைத்துக்கொண்டிருந்தான். இந்தப் பக்கம் ரோலண்ட் ஸ்பானரோடு நின்றான்.

"இது பள்ளம்னு உனக்குத் தெரியாதாடா? இத்தனை வருஷமா என்னத்தப் போட்ட?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா இவ்வளவு தண்ணி விட்ட?"

"போதும்னு சொல்ல ஆளில்ல" என்றான் நெஸ்டர்.

ரோலண்ட் குனிந்து முதல் போல்ட்டில் ஸ்பானரை மாட்டினான். உறைந்துபோய் அசையவில்லை. ரெண்டு தட்டுத் தட்டி, காலால் ஒரு உதை விட்டதும் தட்டி கழன்றது. "மன்னிச்சிட்டேன்னு நினைச்சுக்காத. வீட்டுக்குள்ள தண்ணி வருது, அதுக்காகத்தான் கழட்டறேன்."

"சரி."

"சரின்னா? அந்த முனையப் பிடி."

மூன்று தட்டியையும் கழற்றினார்கள். பழைய பலகையைக் கொண்டுவந்து வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி நட்டார்கள், மண்வாரியால் பனியை வாரி முட்டுக் கொடுத்தார்கள். ஜன்னல் குழியை நானும் ஓடிலும் வாளியால் இறைத்தோம். வெயில் சாய ஆரம்பித்து, குளிர் ஏறியது. ரோலண்டின் கோவில் கோட்டு முழங்கால்வரை ஐஸாக விறைத்துப்போயிருந்தது.

கடைசிப் பனியையும் வாரிக் கொட்டிவிட்டு ரோலண்ட் நிமிர்ந்தான். நெஸ்டரைப் பார்க்காமல் பலகையைப் பார்த்தபடி கேட்டான்: "கார்ல என்ன சொல்லிட்டு வந்தான்?"

என் கையிலிருந்த வாளி அப்படியே நின்றது. நெஸ்டர் என்னைப் பார்த்தான். சிரித்தான் என்று சொல், ஒரே ஒரு வார்த்தை, சொல்லித் தொலை என்று கண்ணால் கெஞ்சினேன். ஓடில் என் பக்கத்திலேயே நின்றாள்.

"ஒண்ணும் சொல்லல" என்றான் நெஸ்டர். "என்மேல கோவம். கடைசிப் பாகம் முழுக்க அவனை பெஞ்ச்ல உட்கார வெச்சிட்டேன். வழியில ஒரு வார்த்தை பேசல."

"ஏன் உட்கார வெச்ச?"

"எதிராளிப் பையன் ஒருத்தன் முதுகுல இவன் மட்டையால போட்டான். அடுத்த தடவையும் அதையே பண்ணான்."

"அழுதானா?"

"இல்ல. வறுத்த உருளைக்கிழங்கு வாங்கித் தரட்டுமான்னு கேட்டேன். திரும்பிக்கூடப் பார்க்கல."

"தொப்பிய மூக்கு வரைக்கும் இழுத்து விட்டுக்கிட்டானா?"

"ஆமா. மூக்கு வரைக்கும்."

ரோலண்ட் பனிமேட்டில் உட்கார்ந்துவிட்டான். தோள் குலுங்கியது. அழுகிறானா, சிரிக்கிறானா என்று முதலில் தெரியவில்லை. இரண்டும்தான்.

"ஊரே சொல்லுதுடா, சிரிச்சிட்டே வந்தான், சிரிச்சிட்டே வந்தான்னு. ஆட்டத்துல தோத்துட்டு என் பையன் எப்படா சிரிச்சிருக்கான்? யாரோ வேற ஒரு பையனக் கொண்டுவந்து, இந்தா உன் மகன்னு கையில குடுக்கற மாதிரியே இருந்திச்சு." மூக்கைக் கோட்டுக் கையில் துடைத்தான். "இவன்தான் பஸ்கால்."

நான் சொன்ன பொய்யை நெஸ்டர் சொல்லியிருந்தால் ரோலண்டுக்கு இதுகூடக் கிடைத்திருக்காது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது.

"முதுகுல அடிச்சான்னா, நானா இருந்தாலும் உட்கார வெச்சிருப்பேன்" என்றான் ரோலண்ட்.

நெஸ்டர் முகத்தை மூடிக்கொண்டான். மார்ச்சிலிருந்து அவன் அழுது நான் பார்த்ததில்லை.

ஓடில் வாளியைக் கீழே வைத்துவிட்டு வாசற்படி ஏறினாள். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு திரும்பினாள். "நெஸ்டர், உள்ள வா. ஆட்டத்துல என்ன நடந்துச்சுன்னு முதல்லேர்ந்து சொல்லு, எனக்கு எல்லாம் தெரியணும்."

அவன் தயங்கித் தயங்கிப் படியேறி, வாசலில் அப்படியே நின்றுவிட்டான்.

"என்ன பார்த்துட்டு நிக்கற?" என்றாள் ஓடில். "பூட்ஸக் கழட்டிட்டு வா, தரையெல்லாம் ஈரமாயிடும்."