சுலோச்சனாவுக்கு நட்ட வீரை

செவ்வாய்க்கிழமை காலையில் பல் துலக்கிக்கொண்டே தோட்டத்துப் பக்கம் போன முத்துகிருஷ்ணன், தன் பழைய செருப்பு வீரை மரத்தில் தொங்குவதைக் கண்டு திகைத்தார். கூடவே ஒரு தேய்ந்த துடைப்பம். காய்க்காத மரத்தில் இப்படிக் கட்டினால் ரோஷப்பட்டுக் காய்க்கும் என்று பெருநகர் கிராமத்துப் பக்கம் நம்புகிறவர்கள் உண்டு. மரத்துக்கு ரோஷம் வந்ததோ இல்லையோ, அவருக்கு வந்துவிட்டது.

"இன்னாடி இது? என் செருப்புதான் கெடச்சுதா?"

"நட்டவரு நீதானே? பின்ன பக்கத்து வூட்டுக்காரன் செருப்பையா கட்டுவாங்க?" என்றாள் சுலோச்சனா, மாட்டுக்குத் தவிடு கலந்தபடியே.

அவள் கோபத்திலும் நியாயம் இருந்தது. கல்யாணமான புதிதில் பழையசீவரம் மலைக்கோயிலுக்குப் போனபோது, அடிவாரத்தில் கூறு கட்டி விற்ற வீரைப் பழத்தைத் தின்றுவிட்டு, "இன்னும் கொஞ்சம் வாங்குய்யா" என்றாள். அவர் ஓடிப்போய்ப் பார்ப்பதற்குள் விற்றுத் தீர்ந்துவிட்டது. மனுஷன் அதை இருபது வருஷம் மனசிலேயே வைத்திருந்து, காட்டு மரக் கன்று விற்கிற இடத்தைத் தேடிப்பிடித்து ஒரு கன்று வாங்கி வந்து நட்டார். காட்டு மரத்துக்கு என்ன அவசரம்? பதினான்கு வருஷமாகக் கரும்பச்சையாக, அழகாக, சாவகாசமாக நிற்கிறது. மூன்று வருஷமாகப் பூக்கவும் செய்கிறது. பழம் மட்டும் ஒன்றுகூடக் கண்ணில் பட்டதில்லை.

இப்போது கறவை மாடு இரண்டாகிவிட்டது. கொட்டகை போட அந்த இடம்தான் தோது. இந்த வருஷம் பிஞ்சு விடவில்லை என்றால் வெட்டிவிடலாம் என்று அவரே போன தீபாவளியன்று வாய் கொடுத்து மாட்டிக்கொண்டிருந்தார். வருகிற திங்கட்கிழமை கொட்டகை போட அருள்தாஸ் வருவதாக ஏற்பாடு. பங்குனி முடியப் போகிறது, பூவெல்லாம் உதிர்கிறது. முத்துகிருஷ்ணன் கண்ணாடி போட்டுக்கொண்டு கிளை கிளையாகப் பிஞ்சு தேடினார்.

சனிக்கிழமை பால் வாங்க வந்தார் சோபியா டீச்சர். கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறவர். தொங்கும் செருப்பைப் பார்த்துச் சிரித்தவர், மிச்சமிருந்த ஒரு பூவைக் கிள்ளிப் பிரித்துப் பார்த்தார்.

"ஐயா, ஒரு வண்டி செருப்பு கட்டினாலும் இது காய்க்காது. ஆண் பனை இருக்குல்ல, அந்த மாதிரி இது ஆண் மரம்."

சுலோச்சனா பால் சொம்பைக் கீழே வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். முத்துகிருஷ்ணனுக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று கெஞ்சக்கூட இனி வழியில்லையே என்று துக்கமாக இருந்தது.

திங்கட்கிழமை அருள்தாஸ் கோடாலியும் கயிறுமாக வந்தார். முத்துகிருஷ்ணன் மரத்தைப் பார்க்காமலே, "வெட்டிடுப்பா" என்றார்.

"மரத்துல கை வெச்ச, உனக்கு நாஷ்டா கெடையாது," என்றது சுலோச்சனாவின் குரல். "கொட்டகைய இங்க போடு." அவள் காட்டியது தன் கனகாம்பரப் பாத்தியை. அதில் கோழி கால் வைத்தால்கூட ஊரைக் கூட்டுகிறவள்.

அதோடு நிற்காமல், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து ஐந்து வீரைக் கன்றுகளைத் தூக்கி வந்தாள். ஞாயிற்றுக்கிழமையே பஸ் ஏறிப் போய், டீச்சர் சொன்ன இடத்தில் வாங்கி வந்திருக்கிறாள்.

"இதுல எதுடி பொண்ணு?"

"பூத்தாதான் தெரியுமாம். அஞ்சுல ஒண்ணுகூடவா பொண்ணா இல்லாம பூடும்? அது காய்க்கணும்னா பக்கத்துல இந்த ஆம்பள மரமும் வேணுமாம்."

"பத்து பதினஞ்சு வருசம் ஆவுமேடி. எனக்கு இப்பவே அறுபத்திரண்டு. போன வருசம்தான் நெஞ்சுல ஸ்டென்ட்டு வெச்சிக்கினு வந்துகீறேன்."

"அதுக்குத்தான் நடுறேன்," என்றாள் அவள். முகத்தில் சிரிப்பு இல்லை. "பழம் பழுக்கிற வரைக்கும் நீ இருந்தாவணும். நடுவுல எங்கனா பூட்டேன்னு வை, அப்புறம் கீது உனக்கு."

அவர் அந்த ஐந்து கன்றுகளையும் பார்த்தார். இவளை விட்டுவிட்டு எங்கே போவது என்று நினைத்தார். "எங்கயும் பூட மாட்டேன்டி," என்று சொல்லிவிட்டுக் குழி வெட்ட மண்வெட்டியை எடுத்தார்.

அவள் அதைப் பிடுங்கி அருள்தாஸிடம் கொடுத்துவிட்டு, அவர் கையில் ஒரு கன்றைத் திணித்தாள்.