துடைக்காத வீடு

எங்கள் ஊர்ப் பெண்களிடம் எதை வேண்டுமானாலும் சொல்லலாம். வீட்டைத் துடைக்காதே என்று மட்டும் சொல்லக் கூடாது.

லாரியை மறிப்போம் என்றேன், வந்தார்கள். வெயிலில் உட்காருவோம் என்றேன், குடையும் தண்ணீர் பாட்டிலுமாக வந்து உட்கார்ந்தார்கள். கல் உடைக்கும் கிரஷரின் மேனேஜர் காரைச் சுற்றி நின்று அவர் கதவையே திறக்க முடியாமல் செய்வோம் என்றபோது, பக்கத்து வீட்டுத் தையல்காரக்கா பாதி தைத்த சட்டையை மிஷினிலேயே விட்டுவிட்டு, கழுத்தில் இஞ்சு டேப்போடு ஓடி வந்தார். ஆனால், "தூசியைப் பார்க்க ஆபீசர் வர்ற வரைக்கும் ஒரு வாரத்துக்கு யாரும் எதையும் துடைக்காதீங்க" என்று நான் சொன்னதும் கூட்டமே என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தது.

"துடைக்காம எப்படிடி இருக்கிறது?" என்றார் தையல்காரக்கா. "கையைக் கழட்டி அலமாரில வெச்சுட்டு இருக்கச் சொல்றியா?"

"தூசி தாங்கலைன்னு மனு கொடுத்துட்டு, வர்ற ஆளுக்குப் பளபளன்னு வீட்டைக் காட்டினா அவர் நம்புவாராக்கா?"

"அதுவும் சரிதான். ஆனா..."

அந்த 'ஆனா' எனக்குப் பிடிக்கவே இல்லை.

விஷயம் இதுதான். ஊருக்குப் பின்னால் இருக்கும் குன்றில் ஏற்கெனவே ஒரு கிரஷர் ஜல்லி உடைத்துக்கொண்டிருக்கிறது. பகலெல்லாம் கடகடவென்று சத்தம், கூடவே சாம்பல் நிறத்தில் ஒரு புகை. பார்க்கத்தான் புகை, உண்மையில் கல். கல்லை மாவாக்கி எங்கள் தலையில் தூவுகிறார்கள். காயப்போட்ட துணியை உதறாமல் மடிக்க முடியாது. தட்டில் சோற்றைப் போட்டுவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனால், வந்து உட்காரும்போது பல்லில் நறநறக்கும். இது போதாதென்று இரண்டாவது கிரஷருக்கு அனுமதி கேட்டிருந்தார்கள். அது வரப்போகிற இடம் எங்கள் கொல்லை வேலியிலிருந்து கூப்பிடு தூரம்.

ஊரைக் காப்பாற்ற வேண்டும் என்ற பெரிய எண்ணமெல்லாம் எனக்குக் கிடையாது. உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு ஒரு பெண் இருக்கிறாள். ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். சிட்டு என்று கூப்பிடுவோம். ஓர் இடத்தில் உட்கார மாட்டாள், அதில் என்னையே உரித்து வைத்திருக்கிறாள். போன வருஷத்திலிருந்து அவளுக்கு மூச்சு இளைக்கிறது. நெஞ்சில் காதை வைத்தால் உள்ளே யாரோ விசில் ஊதுவது போலக் கேட்கும். நகரத்தில் நர்ஸாக இருக்கும் என் நாத்தனார் வந்து அதைக் கேட்டுவிட்டு, காதில் மாட்டியதைக் கழற்றும்போதே சொல்லிவிட்டார்.

"இன்னொரு கிரஷர் வந்துச்சுன்னா இவளை நான் கூட்டிட்டுப் போய் அங்கேயே ஸ்கூல்ல சேர்த்துடுவேன். நீ அழுதாலும் சரி, உருண்டாலும் சரி."

என் வீட்டுக்காரர் ஒயர்மேன். ஊரெல்லாம் வெளிச்சம் போடுவார், வீட்டில் வாயைத் திறக்க மாட்டார். அன்றைக்குப் பார்த்துத் திறந்தார். "அக்கா சொல்றது சரிதான்."

ஆகவே, ஆபீசர் வந்து பார்த்துவிட்டு அனுமதி கொடுத்தால் சிட்டு போய்விடுவாள். கொடுக்காவிட்டால் என்னோடு இருப்பாள். எனக்கு இந்தப் போராட்டம் அவ்வளவுதான்.

இதில் இன்னொரு கூத்து, நான் நடத்துவது மாவு மில். வீட்டு முன்னறையிலேயே மெஷின். "மாவு மில்லுக்காரி தூசியை எதிர்த்துப் போராடுறா" என்று டீக்கடையில் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு மறுநாள் தலையில் மூட்டையோடு என்னிடம்தான் வருவார்கள்.

அந்த ஒரு வாரம் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. காலையில் எழுந்ததும் ஜன்னல் கட்டையைப் போய்ப் பார்ப்பேன். தூசி ஏறியிருந்தால் ஒரு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தோடு திரும்பினால் சிட்டு இருமுவாள், அதோடு போச்சு. துணியை எடுத்துக்கொண்டு ஜன்னல் வரை போவேன், திரும்பி வந்து துணியை ஆணியில் மாட்டுவேன், மில்லைப் போடுவேன், பாதியில் நிறுத்திவிட்டு மறுபடி ஜன்னலுக்குப் போவேன். மேசையில் படிந்திருந்த தூசியில் சிட்டு விரலால் ஒரு மாடு வரைந்திருந்தாள். அழகான மாடு. அதையும் துடைக்காமல் விட்டேன்.

அவள் படுக்கும் உள்ளறையை மட்டும் துடைத்து, கதவில் ஈரத்துணி தொங்கவிட்டிருந்தேன். ஆனால் சிட்டுவை ஓர் அறையில் அடைக்க முடியுமா? அறையில் இருப்பாள், அடுத்த நிமிஷம் கொல்லையில் இருப்பாள். மூன்றாம் நாளே இன்ஹேலரைத் தேட வேண்டி வந்தது.

"என்ன பண்றே நீ?" என்றார் வீட்டுக்காரர், அவளை மடியில் உட்கார வைத்து முதுகைத் தடவிக்கொண்டே. "இவளுக்காகத்தானே இதெல்லாம்? இவளுக்கே இப்படி ஆகுதே, தெரியலையா?"

"ஒரு வாரம்தாங்க. பல்லைக் கடிச்சுட்டு இருங்க."

"நான் கடிச்சுட்டு இருப்பேன். இவளால மூச்சு விட முடியலையே."

எனக்குக் கோபம்தான் வந்தது. யார் மேல் காட்டுவதென்று தெரியாமல் போய் மில்லைப் போட்டேன்.

ஆபீசர் வருகிற அன்று, வழி தெரியாமல் கிரஷர் பக்கம் போய்விடப் போகிறார் என்ற பயத்தில், நானே மெயின் ரோடு வரை நடந்து போய் நின்றேன். ஜீப் வந்தது. நல்ல மனுஷனாகத்தான் தெரிந்தார். "ஏறுங்கம்மா, முன்னாடி உட்கார்ந்து வழி சொல்லுங்க" என்றார். போகும்போதே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மரமெல்லாம் சாம்பல் பூசியது போல இருக்கும் சார், நீங்களே பார்ப்பீங்க, வாசலில் கால் வைத்தால் தடம் பதியும் சார் என்று மூச்சு விடாமல் பேசினேன். அவரும் தலையாட்டிக்கொண்டே வந்தார்.

தெருமுனை திரும்பியது.

மரங்கள் பச்சையாக இருந்தன. அந்த வேப்பமரத்தின் உண்மையான நிறத்தை நான் பார்த்து எத்தனையோ காலமாகியிருந்தது. யாரோ ஓஸ் பைப்பைப் பிடித்து இலை இலையாகக் கழுவியிருந்தார்கள், இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. தெருவெல்லாம் தண்ணீர் தெளித்திருந்தார்கள். ஒவ்வொரு வாசற்படியும் தேய்த்துக் கழுவிய பாத்திரம் போல இருந்தது. தையல்காரக்கா வீட்டுத் திரைச்சீலைகூடப் புதிது. எல்லாரும் நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு, எண்ணெய் வைத்துத் தலைவாரி, பெண் பார்க்க வருகிறவர்களுக்கு நிற்பது போல வரிசையாக நின்றார்கள்.

குன்றில் சத்தமே இல்லை. கிரஷரை அன்றைக்கு நிறுத்தி வைத்திருந்தார்கள். அது எதிர்பார்த்ததுதான். மேனேஜர் வெள்ளைச் சட்டையில் எங்களுக்கு முன்பே வந்து நின்றுகொண்டிருந்தார். தெருவைப் பார்த்துவிட்டு அவருக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை.

நான் இறங்கின வேகத்தில் தையல்காரக்காவின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தேன்.

"என்னக்கா பண்ணி வெச்சிருக்கீங்க?"

"கோவிச்சுக்காதடி. ஆபீசர் வர்றாரு, வாசப்படி அந்தக் கோலத்துல கிடந்தா என்னைப் பத்தி என்ன நினைப்பாரு? என் ஒரு வீட்டைத் துடைச்சா என்ன ஆயிடப் போகுது, மத்த வீடெல்லாம்தான் அப்படியே இருக்கப் போகுதேன்னு நினைச்சேன்."

திரும்பிப் பார்த்தேன். டீக்கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். பால்காரர் வேறு எங்கோ பார்த்தார். ஒவ்வொருவரும் அதையேதான் நினைத்திருக்கிறார்கள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மறியலுக்கு வந்து லத்தி அடி வாங்கின ஜனங்கள் இவர்கள். அடிக்குப் பயப்படவில்லை, அழுக்குக்குப் பயந்துவிட்டார்கள்.

ஆபீசர் ஒரு திண்ணையின் மேல் விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தார். விரல் சுத்தமாக இருந்தது.

"இங்க தூசியே இல்லையேம்மா."

"என் வீட்டுக்கு வாங்க சார்" என்றேன்.

என் வீடு அப்படியே இருந்தது. ஜன்னல் கட்டை, மேசை, காலண்டர், சுவிட்ச் போர்டு, மின்விசிறி இறக்கை, எல்லாவற்றிலும் ஒரு வாரத்துத் தூசி. ஆபீசர் உள்ளே வந்து சுற்றிலும் பார்த்தார். முகம் மாறியது. எனக்கு உயிர் வந்தது. பின்னாலேயே வந்த மேனேஜர் முன்னறை மெஷினைச் சுட்டிக் காட்டினார்.

"சார், இவங்க மாவு மில் வெச்சிருக்காங்க. ஊரே சுத்தமா இருக்கு, இவங்க வீடு மட்டும் இப்படி இருக்குன்னா காரணம் தெரியுதுல்ல? இது வெறும் மாவு சார்."

யாரோ ஒருவர் வாசலில் களுக்கென்று சிரித்துவிட்டு நிறுத்தினார். ஒரு வாரமாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் எனக்குத் தலைக்கு ஏறியது. சமையலறைக்குப் போய் ஒரு தட்டையும் கரண்டியையும் எடுத்து வந்தேன். ஜன்னல் கட்டையிலிருந்து தூசியைக் கையால் வழித்துத் தட்டில் போட்டேன். மேசையிலிருந்தும் வழித்தேன். தட்டு நிறையவே சேர்ந்தது. கொண்டு போய் மேனேஜர் முன்னால் நீட்டினேன்.

"மாவுதானே சார்? ஒரு வாய் போட்டுக்கோங்க."

"என்னம்மா இது..."

"சும்மா சாப்பிடுங்க. சர்க்கரை வேணுமா? தரேன். என் பொண்ணு இதைத்தான் தினமும் திங்கிறா. நீங்க ஒரு கரண்டி தின்னா குறைஞ்சா போயிடுவீங்க?"

அவர் ஒரு அடி பின்னால் போனார். நான் ஒரு அடி முன்னால் போனேன். வாசலில் ஊரே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளறையிலிருந்து சிட்டு இருமுவது மட்டும் கேட்டது. அவள் இருமி முடிக்கிற வரை எல்லாரும் நின்றோம். அவள் முடிக்க நேரமாயிற்று.

ஆபீசர் தட்டிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து விரல்களுக்கு நடுவே வைத்துத் தேய்த்தார். மேனேஜரைப் பார்த்தார். பிறகு என்னிடம் சொன்னார்.

"இது மாவு இல்லைன்னு எனக்குத் தெரியுதும்மா. ஆனா ஒரு வீட்டைப் பார்த்துட்டு நான் அறிக்கை எழுதினா, அவங்க வக்கீல் ரெண்டே வார்த்தையில அடிச்சுடுவார். ஒரு காரியம் பண்றேன். தூசியை அளக்கிற மிஷின் ஒண்ணு அனுப்பறேன். புது கிரஷர் வர்ற இடத்துக்கு இதுதான் பக்கத்து வீடு, அதனால இங்கதான் வைக்க முடியும். மூணு மாசம் ஓடணும். அதுவரைக்கும் புது கிரஷருக்கு அனுமதியை நிறுத்தி வைக்கிறேன்."

"ரொம்ப நன்றி சார்" என்றார் வீட்டுக்காரர், எனக்கு முன்னால்.

"ஆனா ஜன்னலைச் சாத்தக் கூடாது. மில்லை ஓட்டக் கூடாது, அப்புறம் அதையே சொல்லுவாங்க. மிஷின் இருக்கிற இடத்தைச் சுத்திக் கூட்டறது, துடைக்கிறது எதுவும் வேண்டாம். இப்ப இருக்கிற மாதிரியே இருக்கட்டும்."

வாசலில் கைதட்டல் கிளம்பியது. டீக்கடைக்காரர் விசில் அடித்தார். ஜீப் கிளம்பியதும் தையல்காரக்கா என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "ஜெயிச்சுட்டோம்டி, ஜெயிச்சுட்டோம்" என்று அழுதார். கழுவின தெருவில் எல்லாரும் ஆளாளுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். யாரோ என் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டு போனார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். மில் கிடந்தால் கிடக்கட்டும். ஜன்னலைச் சாத்தக் கூடாது, துடைக்கக் கூடாது, மூன்று மாசம். அவர் வாயைத் திறக்கவே வேண்டாம், எனக்கும் அது புரிந்துவிட்டது.

அவர் முகத்தைப் பார்த்துத் தையல்காரக்காவுக்கும் புரிந்தது. "சிட்டுவை என் வீட்ல விட்டுடு. நான் கண்ணுல வெச்சுப் பார்த்துக்கறேன்" என்றார்.

"நாளைக்குக் காலைல கிரஷர் ஓடும்க்கா. உங்க வீட்லயும் அதே காத்துதான்."

அவர் தன் வீட்டுக் கழுவின வாசற்படியைப் பார்த்தார்.

மிஷின் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு போன் போதும். ஆனால் வேண்டாம் என்றால் இரண்டாவது கிரஷர் வரும், வந்தால் அவள் எப்போதைக்குமாகப் போவாள். வேண்டும் என்றால் இப்போதே, மூன்று மாசத்துக்குப் போவாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவள் பையைக் கட்டித்தான் ஆக வேண்டும். சாயங்காலம் வரை வீட்டுக்கும் கொல்லைக்குமாக நடந்துவிட்டு, நானே நாத்தனாருக்குப் போன் பண்ணினேன்.

"அண்ணி, சிட்டுவை வந்து கூட்டிட்டுப் போங்க."

எதற்கும் சுடச்சுடப் பதில் வைத்திருக்கிற மனுஷி. அன்றைக்குக் குரலே இறங்கியிருந்தது. "நீயே சொல்லுவேன்னு நான் நினைக்கல" என்றார். "நாளைக்கே வர்றேன்."

பஸ் நிறுத்தத்தில் சிட்டு ஓர் இடத்தில் நிற்கவில்லை. அத்தை வாங்கித் தந்த புதுச் செருப்பைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள். பஸ் வருவது தெரிந்ததும்தான் என் பக்கம் வந்து புடவையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாம ஜெயிச்சுட்டோம்தானேம்மா?"

"ஆமாண்டி."

"அப்ப நான் ஏன் போகணும்?"

நாத்தனார் அவளைத் தூக்கிக்கொண்டார். என் வீட்டுக்காரர் பையை ஏற்றினார். சிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து, நான் பதில் சொல்வேன் என்று கண்ணாடி வழியாக என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் கிளம்புகிற வரை நான் கையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்தேன். குன்றில் கிரஷர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அறைக் கதவில் தொங்கவிட்டிருந்த ஈரத்துணியை அவிழ்த்துவிட்டு, வரப்போகிற மிஷினுக்காக எல்லா ஜன்னல்களையும் திறந்து வைத்தேன்.